புகார் கொடுத்தவர்களின் பட்டியல் வெளியானால், காவல்துறையை மேற்பார்வையிடும் அமைப்பு யாரிடம் பதில் சொல்ல வேண்டும்?

பதிவு 1: நாஞ்சில் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சட்டம் படித்தவர்களும் காவல்துறையில் பணியாற்றியவர்களும் இங்கே இருப்பதால் இதை எழுதுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் தம்பி, சென்ற ஆண்டு இரவு நேர வாகனச் சோதனையின்போது ஓர் உதவி ஆய்வாளரால் தாக்கப்பட்டான். காவல்துறையினர் மீதான புகார்களை விசாரிக்க வேண்டிய ஓர் அலுவலகத்தில் அவன் மனு கொடுத்தான். அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. மனுவுடன் ஆஸ்பத்திரிச் சீட்டை இணைத்ததோடு, எதிரே டீக்கடை நடத்தும் மாமா ஒருவர் நடந்ததை நேரில் பார்த்தார் என்பதையும் எழுதியிருந்தான். மனு ரகசியமாக வைக்கப்படும் என்று அன்று வாங்கிக்கொண்டவர் வாய்மொழியாக உறுதி சொன்னார்.

நான்கு மாதங்கள் கழித்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் 11 பக்கமுள்ள ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. அந்த அலுவலகத்தில் நிலுவையில் இருந்த மனுக்களின் பட்டியல் அது. வரிசை எண் 43 என் தம்பி. பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண், செல்போன் எண், "மனுவின் சுருக்கம்" என்ற தலைப்பில் மூன்று வரிகள், கடைசிக் கட்டத்தில் "சாட்சிகள்". அந்தக் கட்டத்தில் டீக்கடை மாமாவின் பெயர், கடை இருக்கும் முக்கு வரை தெளிவாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இரண்டு நாட்களுக்குள் சீருடையில் இருந்த இருவர் அவர் கடையில் வந்து டீ குடித்துவிட்டு, "சாட்சி சொல்லப் போறீராமே" என்று மட்டும் கேட்டுக் காசும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்காராமலே, "மக்களே, எம் பேர அதுல இருந்து எடுத்துப் போடு" என்றார்.

பட்டியல் எப்படி வெளியே போனது என்று கேட்டு அந்த அலுவலகத்துக்கு எழுதினேன். ந.க. எண் போட்டு ஒரே வரியில் பதில் வந்தது: மனு மேல்நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்த உரிய அலுவலர், எங்கள் புகாருக்கு ஆளான உதவி ஆய்வாளருக்கு மேலதிகாரி. காவல்துறை தவறு செய்தால் இந்த அமைப்பிடம் போகிறோம். இந்த அமைப்பே தவறு செய்தால் எங்கே போவது?

பதிவு 2: குழித்துறை வழக்கறிஞர்

சகோதரிக்கு முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பிடிஎஃப் உங்கள் போனுக்கு எந்த நாள், எந்த நேரம், எந்தக் குழுவில் வந்தது என்பதை அழியாமல் பாதுகாத்து வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் நம் மாநிலத்தில் இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றில் ஒன்று, காவல்துறை மீதான புகார்களுக்கு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தனி ஆணையங்கள் அமைக்க வேண்டும் என்பது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே அதில் ஓர் உறுப்பினர். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போனால் நிலைமை வேறு. கேரளத்தின் 2011-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிதான் தலைவர். 1956 நவம்பர் 1-க்கு முன்பு ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இரண்டு ஊர்களுக்கு இடையே இன்று இவ்வளவு வித்தியாசம்.

நான் சொல்ல வருவது இதுதான். மேற்பார்வை அமைப்பின் மேசையில் காவல் கண்காணிப்பாளரே உட்கார்ந்திருக்கும்போது, புகார்தாரரின் பெயர் காவல்துறைக்குத் தெரிவது கசிவு என்ற கணக்கிலேயே வராது. அது அலுவலக நடைமுறை ஆகிவிடுகிறது. உங்கள் விஷயத்தில் பட்டியல் ஊருக்கே போனதால்தான் நாம் இதைப் பேசவே முடிகிறது.

பதிவு 3: வள்ளியாறு (ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்)

நான் 30 வருடத்துக்கு மேல் பணியாற்றியவன், அதில் ஒன்பது வருடம் ஸ்டேஷன் ரைட்டர். வக்கீல் ஐயா சொன்னதில் பாதியை மறுக்கவும் பாதியை ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன்.

ஒப்புக்கொள்வதை முதலில் சொல்கிறேன். நாங்கள் இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனாலும் ஓர் உதவி ஆய்வாளர் மீது மேலே மனு போனால், அது தபால் பையில் நிலையத்துக்குத் திரும்பி வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். மேலிடத்தில் தபால் பிரித்தவர் போன் செய்திருப்பார். பல மனுக்களில் முத்திரையிட்ட உறை கிழிபட்டு, மேலே ஒரு காகிதம் ஒட்டி வரும். மனு கொடுத்தவரை நிலையத்துக்கே வரவழைத்து, யார் மீது புகாரோ அவர் முன்னிலையில் "திருப்தி" என்று எழுதி வாங்கிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தக் காகிதங்களில் சிலவற்றை எழுதியது என் கை. அதை மறைக்க எனக்கு இந்த வயதில் மனமில்லை.

மறுப்பது இது. இந்த மாதிரிப் பட்டியல் வெளியானால் கெடுவது மனுதாரர் மட்டும் என்று எண்ண வேண்டாம். விசாரணை முடியாத புகாரில் ஒரு காவலரின் பெயர் வந்தால் அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து நிற்கிறது. பொய்ப் புகார்களும் உண்டு. ஆகவே இருபக்கமும் ரகசியம் காக்கப்பட வேண்டும், பதிலும் இருபக்கத்துக்கும் சொல்லப்பட வேண்டும்.

பதிவு 4: சர்வர் அறை

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் தகவல் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன், ஊர் தக்கலை. அண்ணாச்சி சொன்னதற்குப் பொருத்தமான ஒரு சம்பவம் வட அயர்லாந்தில் நடந்தது. 2023 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பதில் அனுப்பும்போது, காவல்துறையில் பணியாற்றும் சுமார் 9,400 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம், பிரிவு அத்தனையும் இணையத்தில் ஏறிவிட்டன. காரணம் ஹேக்கர் யாரும் இல்லை. எக்செல் கோப்பில் மறைந்திருந்த ஒரு தாளை நீக்காமல் கோப்பை அப்படியே அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் அது இணையத்தில் இருந்தது. ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தலால் தான் காவலர் என்பதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் வாழ்பவர்கள் உள்ள ஊர் அது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பாதிக்கப்பட்டவர்களுக்கு அன்றே விஷயம் தெரிவிக்கப்பட்டது. காவல்துறைத் தலைவர் மறு மாதம் பதவி விலகினார் (அதற்கு வேறொரு வழக்கும் காரணம்). காவல்துறையை மேற்பார்வையிடும் வாரியமும் காவல்துறையும் சேர்ந்து வெளியிலிருந்து ஓர் அதிகாரியை வைத்து ஆய்வு செய்து, அந்த அறிக்கையை அதே ஆண்டு டிசம்பரில் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட்டார்கள். தவறு ஒரு தனி ஊழியருடையது அன்று, நிறுவனம் முழுவதுமே தகவலைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது என்று அந்த அறிக்கை சொன்னது. பிரிட்டனின் தகவல் ஆணையர் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தார். தனியார் நிறுவனமாக இருந்திருந்தால் அது 56 லட்சம் பவுண்டாக இருந்திருக்கும் என்றும் அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

சகோதரியின் பிடிஎஃப்பும் இப்படி ஓர் எக்செல் கோப்பிலிருந்து பிறந்ததாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மேலதிகாரியின் ஆய்வுக் கூட்டத்துக்காக யாரோ எல்லாக் கட்டங்களோடும் அச்சுக்கு எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் "பார்வைக்கு" என்று அனுப்பியிருப்பார்கள். கூட்டத்துக்குத் தேவைப்பட்டது நிலுவை எண்ணிக்கை மட்டும்.

பதிவு 5: கடற்கரை ஆசிரியர்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நிலுவைப் பட்டியல் பொதுவில் இருப்பது நல்லது என்று நினைப்பவன் நான். எத்தனை மனுக்கள் எத்தனை மாதமாகத் தூங்குகின்றன என்று தெரியாவிட்டால், கிணற்றில் போட்ட கல்லாக எல்லாம் போய்விடும். எங்கள் கடற்கரை ஊர்களில் கொடுத்த மனுக்களுக்கு என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, "ரகசியம்" என்ற ஒரே சொல்லைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கசிவைச் சாக்காக வைத்து இனி எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நான் பேசும் பட்டியல் எது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்பதற்காக இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன்.

பதிவு 6: மட்டுறுத்துநர்

பதிவு 5-இல் இருந்த பிடிஎஃப் இணைப்பை நீக்கியிருக்கிறேன். அது 14 நிமிடங்கள் இங்கே இருந்தது. அந்நேரத்தில் யாராவது தரவிறக்கியிருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். இந்த இழையில் பேசப்படும் மனுதாரரின் குடும்பத்துக்குத் தனிச்செய்தி அனுப்பி நடந்ததைச் சொல்லிவிட்டேன். இணைப்புள்ள பதிவுகள் என் பார்வைக்கு வந்த பிறகே வெளியாகும்படி இப்போது மாற்றியிருக்கிறேன்.

பதிவு 7: கடற்கரை ஆசிரியர்

மன்னிக்க வேண்டும். அது நாகர்கோவிலில் எல்லோர் கையிலும் சுற்றுகிறதே, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அப்படி நினைத்தது தவறு.

பதிவு 8: நாஞ்சில் வாசகி

ஆசிரியர் ஐயா, உங்கள் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். மட்டுறுத்துநர் அந்த 14 நிமிடத்துக்குள் இணைப்பை நீக்கி, எத்தனை நிமிடம் இருந்தது என்று சொல்லி, எங்களுக்கும் செய்தி அனுப்பி, இனி நடக்காமல் இருக்க வழியும் செய்துவிட்டார். சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் இதைப் பார்த்துக்கொள்பவர் அவர். அந்த அலுவலகம் இன்றுவரை என் தம்பிக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. தன் பெயர் பட்டியலில் இருந்ததை அவன் தெரிந்துகொண்டதே, கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு பையன் போனைக் காட்டி, "அண்ணே, இது நீங்கதானே" என்று கேட்டபோதுதான்.

பட்டியலில் தம்பிக்கு முன்னால் இருக்கும் 42 பேருக்கும், அவனுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் யார் சொல்வார்கள்? அந்தப் பட்டியலில் கணவரான ஒரு காவலர் மீது மனைவி கொடுத்த மனுவும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இது தெரியுமா என்று நினைத்து எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை.

பதிவு 9: குழித்துறை வழக்கறிஞர்

சகோதரி கேட்ட கடைசிக் கேள்விதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு கடமைகளைத் தனித்தனியாக வைக்கிறது. 8-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, தரவை வைத்திருப்பவர் அதைத் தகுந்த முறையில் பாதுகாக்க வேண்டும் என்கிறது. 6-ஆம் உட்பிரிவு, கசிவு நடந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இப்போது 17-ஆம் பிரிவைப் பாருங்கள். குற்றத் தடுப்பு, புலனாய்வு ஆகியவற்றுக்காகவும், சட்டப்படி மேற்பார்வை அல்லது விசாரணைப் பணி ஒப்படைக்கப்பட்ட அமைப்பு அந்தப் பணிக்காகவும் தரவைக் கையாளும்போது, பாதுகாக்கும் கடமை மட்டும் நிற்கிறது, தெரிவிக்கும் கடமை விலகிவிடுகிறது. அதாவது பூட்டுப் போடும்படி சட்டம் சொல்கிறது. பூட்டு உடைந்ததை வீட்டுக்காரருக்குச் சொல்லும்படி அது கட்டாயப்படுத்தவில்லை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்று வைக்கப்பட்டிருக்கின்றன. நஷ்டஈடு கோர வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்கச் சொல்கிறது. வாரியம் விதிக்கும் அபராதம் அரசுக் கணக்கில்தான் சேரும்.

ஆசிரியர் ஐயாவின் கவலைக்கும் சட்டத்தில் இடமுண்டு. எத்தனை மனு, எந்த நிலையம், எத்தனை நாள் நிலுவை என்பவற்றைத் தாராளமாக வெளியிடலாம். பெயரும் சாட்சியும் அதில் வர வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு, ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும் தகவலையும், நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கும் தகவலையும் விலக்கி வைத்திருக்கிறது. "ரகசியம்" என்ற சொல் மனுதாரரைக் காக்க எழுதப்பட்டது. அதை அலுவலகம் தன்னைக் காக்கப் பயன்படுத்துகிறது.

சாட்சிக்குப் பாதுகாப்பு கேட்கலாமா என்றால், உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கடுமையான குற்றங்களுக்கே பொருந்தும். அதில் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கையைத் தயாரிப்பவர் அந்த உட்கோட்டத்தின் காவல் அதிகாரி. டீக்கடைக்காரரின் நிலைமையில் இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதிவு 10: வள்ளியாறு (ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்)

அப்படியானால் சட்டத்தை எழுதியவர்களே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? எந்தக் காகிதம் யார் கைக்குப் போனது என்று தபால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித்தான் நாங்கள் கொடுத்தோம். உறை கிழிந்து வந்தாலும் யாரிடம் கிழிந்தது என்று பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். போனில் அனுப்பும் இந்தப் பிடிஎஃப்புக்கு அந்தக் கையெழுத்து எங்கே?

பதிவு 11: சர்வர் அறை

அண்ணாச்சி கேட்டது மிகச் சரியான கேள்வி. கையெழுத்து இருக்கிறது, அதைப் பார்ப்பவர்தான் இல்லை. கோப்பை யார் திறந்தார், யார் அச்சுக்கு எடுத்தார் என்ற பதிவு ஒழுங்கான எந்தக் கணினி அமைப்பிலும் இருக்கும், ஆனால் பல அலுவலகங்களில் ஒரே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஆறேழு பேர் பயன்படுத்துகிறார்கள். அப்போது பதிவேடு முழுக்க ஒரே ஆளின் கையெழுத்து. டேட்டா என்ட்ரிக்கு வரும் ஒப்பந்தப் பணியாளர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்தக் கடவுச்சொல் மாறுவதில்லை.

ஒப்பந்தக்காரர் என்றதும் ஹாங்காங் நினைவுக்கு வருகிறது. நம் கேள்விக்கு மிக நெருக்கமானது அது. அங்கே காவல்துறை மீதான புகார் விசாரணைகளைக் கண்காணிக்கும் சுயேச்சையான மன்றம் ஒன்று உண்டு. 2006 மார்ச்சில், புகார் கொடுத்த சுமார் 20,000 பேரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை இணையத்தில் கிடப்பது தெரியவந்தது. கணினி வேலைக்கு அமர்த்திய ஒப்பந்தக்காரரிடம் உண்மையான புகார் விவரங்களையே கொடுத்திருந்தார்கள், அவர் அதை யாரும் எட்டக்கூடிய சர்வரில் வைத்துவிட்டார். "ஒப்பந்தக்காரர் செய்தது" என்று மன்றம் ஒதுங்க முடியவில்லை. தனியுரிமை ஆணையர் விசாரித்து, பாதுகாக்கும் பொறுப்பை மீறியது மன்றமே என்று அதே ஆண்டில் அறிக்கை தந்தார். மேற்பார்வை அமைப்பைக் கேள்வி கேட்க அந்த அமைப்புக்கு வெளியே ஒருவர் இருந்தார். நமக்குக் குறைவது அந்த ஒருவர்.

பதிவு 12: குழித்துறை வழக்கறிஞர்

நமக்கு இப்போதைக்கு அந்த ஒருவர் உயர் நீதிமன்றம்தான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் பெயரோடு வெளியானதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பாலியல் குற்றங்களின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறக் கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் அது நடந்தது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த விளக்கத்தோடு நிற்கவில்லை. பெண் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. கசிவினால் ஏற்பட்ட துன்பத்துக்கு அரசே பணம் கொடுக்க வேண்டும் என்ற வழி அங்கே திறந்தது.

நம் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் சொல்லியிருக்கிறது. சகோதரி, பட்டியல் வெளியான நாளிலிருந்து உங்களுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று கணக்கிடுகிறேன். அதைக் கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள்.

மனுவில் தம்பி தாக்கப்பட்டதைக் கலக்காமல், கசிவை மட்டும் தனியாக எழுதுங்கள். பட்டியலைத் தயாரித்தவர் யார், யாருக்கு அனுப்பினார், 43 என்ற வரிசை எண்ணுக்குள் எவ்வளவு விவரம் இருக்க வேண்டியிருந்தது, பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் எழுத்துமூலம் எப்போது தெரிவிப்பீர்கள், இந்த விசாரணையை அந்த அலுவலகத்துக்கும் காவல்துறைக்கும் வெளியே உள்ள யார் நடத்துவார் ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த மற்ற மனுதாரரான அம்மாவின் பெயரை உங்கள் மனுவில் எழுத வேண்டாம், "பட்டியலில் உள்ள ஒருவர்" என்று மட்டும் போடுங்கள்.

பதிவு 13: வள்ளியாறு (ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்)

அம்மா, விசாரணையில் தபால் நடைமுறை பற்றி யாராவது கேட்டால் என் பெயரைக் கொடுங்கள். நான் பார்த்ததை, எழுதியதை, கையெழுத்திட்டுச் சொல்கிறேன். என் பென்ஷனுக்கு எதுவும் ஆகாது என்று வக்கீல் ஐயா சொன்னால் வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

பதிவு 14: நாஞ்சில் வாசகி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மனுவை எழுதி முடித்தேன். வக்கீல் ஐயா சொன்னபடி நான்கு பக்கத்துக்குள் அடக்கினேன். இன்று காலையில் நாகர்கோவில் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். ஒன்று அந்த அலுவலகத்துக்கு, ஒன்று மனித உரிமை ஆணையத்துக்கு.

அனுப்புவதற்கு முன் தம்பியும் நானும் டீக்கடைக்குப் போனோம். மனுவில் அவர் பெயர் எங்கும் இல்லை என்பதை ஒவ்வொரு பக்கமாக மாமாவுக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கடையில் வேறு ஆள் இல்லை. படித்து முடித்ததும் காகிதத்தைத் திருப்பித் தந்து, "கேஸுன்னு வந்தா அப்ப கூப்பிடு, நான் வருவேன். ஆனா அதுவரைக்கும் எங்கயும் எழுதாத" என்றார். இந்த இழையிலும் அவர் ஊரை நான் எழுதவில்லை. பதிவு 1-இல் "மார்த்தாண்டம் பக்கம்" என்று இருப்பதை மட்டுறுத்துநர் "மாவட்டத்தின் மேற்குப் பகுதி" என்று மாற்றித் தர வேண்டுகிறேன்.